தில்லை வனமும் மீன்முள் வாய்க்காலும்

சிதம்பர தரிசனத்துக்குப் போய் வராத தமிழ்க் குடும்பம் அபூர்வம். போய் வந்தவர்கள் எல்லோரும் அந்த க்ஷேத்திரத்துக்குத் தில்லை என்று ஒரு பெயர் உண்டென்பதையும், தில்லை மரமே அங்கே ஸ்தல விருக்ஷம் என்பதையும் அறிவார்கள். ஆனால் நான்கு கோபுரங்களையும் கண்டு, நான்கு ரத வீதிகளையும் வலம் வந்தாலும், பெயருக்குக் காரணமான அந்த வனம் மட்டும் கண்ணில் படுவதில்லை. தில்லை வனத்தைக் காண விரும்புகிறவர்கள் ஊரை விட்டுக் கிழக்கே ஏறக்குறைய 15 கிலோமீட்டர் போக வேண்டும். கிள்ளையைத் தாண்டினால் வயல்கள் முடிந்து சேறும் உப்பங்கழியும் தொடங்கும். அதுதான் பிச்சாவரம்.

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இரண்டும் வங்கக் கடலில் கலக்கும் இடங்களுக்கு நடுவே, ஆயிரம் ஹெக்டேருக்குச் சற்று அதிகமான பரப்பில், சிறிதும் பெரிதுமான ஐம்பதுக்கு மேற்பட்ட திட்டுக்களாக அந்தக் காடு சிதறிக் கிடக்கிறது. திட்டுக்களுக்கு இடையே ஓடைகள் கிளை கிளையாகப் பிரிந்து செல்கின்றன. கிழக்கே ஒரு மணல்மேடு காட்டையும் கடலையும் பிரிக்கிறது. விடுமுறை நாட்களில் குடும்பத்தோடு வந்து, படகில் ஏறி, மரக்கிளைகள் தலைக்கு மேலே கூரை வேய்ந்த ஓடைகளுக்குள் போய்த் திரும்புகிறவர்கள் அநேகர். 'இதயக்கனி' படத்தில் இந்த ஓடைகளைக் கண்டு மகிழ்ந்தவர்கள் அதைவிட அநேகர்.

அந்தக் காடு ஒரு காலத்தில் செத்துக்கொண்டிருந்தது என்பதும், அதைப் பிழைக்க வைத்தவர்கள் அங்கேயே சேற்றில் கால் புதைத்து ஜீவனம் செய்கிற ஏழை ஜனங்கள் என்பதும் படகில் போகிறவர்களுக்கு எளிதில் தெரிவதில்லை. அந்த வரலாற்றைச் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உப்பைத் தின்னும் மரங்கள்

சாதாரண மரத்தின் வேரில் உப்புத் தண்ணீரை ஊற்றினால் அது பட்டுப் போகும். பிச்சாவரத்து மரங்களோ உப்புத் தண்ணீரிலேயே நிற்கின்றன. வெண்கண்டல் மரம் வேர் வழியே ஏறிவந்த உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. அதன் இலையைத் தொட்டு நாவில் வைத்துப் பார்த்தால் உப்புக் கரிக்கும். சேற்றுக்குள் காற்றுப் புகாது. ஆகையால் அதன் வேர்கள் பென்சில்களை நட்டுவைத்தாற்போல் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு சுவாசிக்கின்றன. சுரபுன்னையின் சாமர்த்தியம் வேறு வகை. அடிமரத்திலிருந்து பல வேர்கள் வளைந்து இறங்கி, பந்தலுக்குக் கால் நட்டாற்போல் அதைத் தாங்கி நிற்கின்றன. அதன் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து நீண்டு தொங்கி, பிறகுதான் கீழே விழுகிறது. பிறந்த வீட்டிலேயே வளர்ந்து ஆளாகிப் புகுந்த வீட்டுக்குப் போகிற பெண்ணைப் போல என்று சொல்லலாம்.

தில்லை மரம் கரைப் பக்கத்தில், சற்று மேடான இடத்தில் நிற்கும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே மங்கிவிடும். ஆகையால் கோடாரி எடுக்கிறவர்கள் அதனிடம் சற்று ஜாக்கிரதையாகவே இருப்பார்கள். கண்டலும் தில்லையும் சங்க காலத்து நெய்தல் பாட்டுக்களிலேயே இடம்பெற்றவை. கடற்கரை ஜனங்கள் இம்மரங்களுக்கு அலையாத்தி என்று பொதுப் பெயர் வைத்திருக்கிறார்கள். அலையை ஆற்றுவது அலையாத்தி. இதைவிடப் பொருத்தமான பெயரைப் பண்டிதர்கள் சபை கூட்டி ஆலோசித்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

இம்மரங்கள் உதிர்க்கும் இலைகள் சேற்றில் அழுகி, கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற உயிர்களுக்கு உணவாகின்றன. அவற்றைத் தின்று இறால் குஞ்சுகள் வளருகின்றன. நண்டும், மடவையும், கொடுவாயும் வேர்களின் மறைவில் பெரிய மீன்களுக்குத் தப்பிப் பிழைக்கின்றன. அவற்றில் பல வளர்ந்தபின் கடலுக்குப் போய்விடுகின்றன. ஆகவே கடலில் வலை வீசுகிறவனும், கழியில் வலை வீசுகிறவனும் ஒரே தொட்டிலில் வளர்ந்த செல்வத்தையே வாரி எடுக்கிறார்கள்.

பழி யார்மேல்?

இத்தகைய காட்டின் உட்புறம் பாழாகிக் கிடந்தது. ஓடைக் கரைகளில் மட்டும் மரங்கள் பச்சென்று நிற்கும். திட்டுக்களின் நடுவே போனால் உப்புப் பூத்த வெற்றுச் சேறு. விதை விழுந்தாலும் முளைப்பதில்லை, முளைத்தாலும் நிற்பதில்லை. காரணம் என்ன?

கேட்டவர்களுக்கெல்லாம் சித்தமாக ஒரு பதில் இருந்தது. சுற்றியுள்ள கிராமத்தார் விறகுக்கு வெட்டுகிறார்கள். மாட்டை ஓட்டிவந்து மேய்க்கிறார்கள். அதனால்தான் காடு அழிகிறது என்பதே அது. ஏழையின்மேல் பழி போடுவது எப்போதுமே எளிது. அவன் மறுத்துப் பேச மாட்டான். பேசினாலும் அதை எழுதி வைப்பவர் இல்லை. விறகு வெட்டியதும் மாடு மேய்த்ததும் பொய்யல்ல. ஆனால் உண்மையான காரணம் அதைவிடப் பழையதாகவும் பெரியதாகவும் இருந்தது.

அந்நிய ஆட்சியின்போது, 1911-ஆம் வருஷத்திலிருந்து, இக்காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் முறை வைத்து அடியோடு வெட்டி எடுக்கும் வழக்கம் தொடங்கியது. இப்பகுதிகளைக் காட்டிலாகாவில் 'கூப்பு' என்பார்கள். வெட்டிய இடத்தில் காடு தானே மறுபடியும் வளர்ந்துவிடும். வருமானமும் தடையில்லாமல் வரும் என்பது கணக்கு. மேட்டு நிலக் காடுகளுக்கு ஏற்பட்ட கணக்கைச் சேற்று நிலக் காட்டுக்கும் போட்டுவிட்டார்கள். அந்நியர் போன பின்பும் அதே கணக்கு நீடித்து, 1970-க்குப் பிறகும் சில வருஷங்கள் நடந்துதான் நின்றது.

இதனால் என்ன நேர்ந்தது என்பதைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு விளக்க நான் ஒரு தாம்பாளத்தை உபயோகிப்பது வழக்கம். மரம் நிற்கும்வரை நிழல் உண்டு. சேறு ஈரமாகவும் மேடாகவும் இருக்கும். மரத்தை அடியோடு எடுத்ததும் வெயில் நேரே தாக்குகிறது. சேற்றில் உள்ள ஈரம் ஆவியாகி, மண் சுருங்கி அமுங்குகிறது. கரை ஓரத்தில் மரம் இருப்பதால் அங்கே மேடு, நடுவிலே பள்ளம். திட்டு முழுவதும் விளிம்பு உயர்ந்த தாம்பாளமாகிவிடுகிறது. பெரிய ஓதம் ஏறும்போது கடல்நீர் விளிம்பைத் தாண்டி உள்ளே வருகிறது. வற்றும்போது வெளியே போக வழியில்லை. இந்தக் கரையிலோ ஓதத்தின் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆகவே தேங்கிய நீரை அடித்துக்கொண்டு போக அதற்குச் சக்தி கிடையாது. தேங்கிய நீர் வெயிலில் காய்கிறது. உப்பு மட்டும் தங்குகிறது. அடுத்த ஓதம் மேலும் உப்பைக் கொண்டுவந்து சேர்க்கிறது. உப்பளத்தில் பாத்தி கட்டி உப்பு விளைவிக்கும் முறையும் இதுதானே! உப்பில் வாழப் பிறந்த வெண்கண்டலுக்குக்கூடத் தாங்கமுடியாத உப்பு அங்கே விளைந்துவிட்டது.

விறகு சுமந்த கிழவி பழியைச் சுமந்தாள். பாத்தி கட்டிய கணக்கு காகிதத்தில் பத்திரமாக இருந்தது.

மீன்முள் வாய்க்கால்

வீட்டு முற்றத்தில் தண்ணீர் தேங்கி நின்றால் நம் தாய்மார்கள் என்ன செய்வார்கள்? ஒரு மண்வெட்டியை எடுத்து, தண்ணீர் ஓடச் சிறு வாய்க்கால் வெட்டுவார்கள். பிச்சாவரத்துக்கும் கடைசியில் கண்டுபிடித்த மருந்து அதுவே.

விஞ்ஞானி மா. சா. சுவாமிநாதன் 1988-ஆம் வருஷத்தில் சென்னையில் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தார், 1990-க்குப் பின் தமிழ்நாட்டுக் காட்டிலாகாவோடு சேர்ந்து இக்காட்டின் நோயை ஆராய்ந்தார்கள். பள்ளமான பகுதியையும் பக்கத்து ஓடையையும் இணைத்து ஒரு பெரிய வாய்க்கால். அதன் இரு பக்கமும் சாய்வாகப் பிரிந்து செல்லும் சிறு வாய்க்கால்கள். உயரே இருந்து பார்த்தால், தின்று முடித்த மீனின் நடுமுள்ளும் பக்க முட்களும் போலவே தோன்றும். அதனால் அதற்கு மீன்முள் வாய்க்கால் என்றே பெயர் ஏற்பட்டது. ஓதம் ஏறும்போது நீர் இந்த முட்கள் வழியாக உள்ளே பரவுகிறது. வற்றும்போது தேங்கிய உப்பைக் கழுவிக்கொண்டு வெளியேறுகிறது. நாளுக்கு இரண்டு தடவை, கூலி கேட்காத தோட்டியாகக் கடலே வந்து காட்டைக் கழுவிவிட்டுப் போகிறது. வாய்க்காலின் சரிவில் வெண்கண்டல், சுரபுன்னைக் கன்றுகளை நட்டார்கள்.

வெட்டியவர்கள் யார்? எந்தக் கிராமத்தாரைக் குற்றவாளிகள் என்று சொன்னார்களோ, அவர்களேதான். கிராமந்தோறும் ஆண்களும் பெண்களும் சேர்ந்த மன்றங்கள் ஏற்பட்டன. எந்த இடத்தில் நீர் தேங்குகிறது, எந்த ஓடை தூர்ந்துவிட்டது என்பது போன்ற விவரங்கள் படம் வரைகிற நிபுணரைக் காட்டிலும் தினந்தோறும் கழியில் இறங்குகிறவனுக்கு நன்றாகத் தெரியும். அவனைக் கலந்து ஆலோசித்துத்தான் திட்டம் வகுத்தார்கள். வேலைக்குக் கூலியும் அவனுக்கே கிடைத்தது.

பலன் என்ன? 1986-ஆம் வருஷத்திலும் 2002-ஆம் வருஷத்திலும் செயற்கைக் கோள்கள் வானத்திலிருந்து எடுத்த படங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மரம் அடர்ந்த பரப்பு சுமார் 90 சதவிகிதம் அதிகரித்திருந்தது. இதே முறை பின்னர் முத்துப்பேட்டையிலும், ஆந்திரத்தில் கிருஷ்ணா, கோதாவரி முகத்துவாரங்களிலும், ஒடிசாவிலும் பரவியது. தமிழ்நாட்டு முற்றத்து வைத்தியம் கிழக்குக் கடற்கரை முழுவதற்கும் உதவியிருக்கிறது என்று நாம் பெருமைப்பட்டுக் கொள்ளலாம்.

பறியைப் பல்லில் கவ்வியவர்கள்

காட்டுக்கு வழி பிறந்தது, மனிதருக்கு?

பிச்சாவரத்தின் ஓரத்தில் இருளர்கள் வாழ்கிறார்கள். வலையும் படகும் இல்லாத காலத்தில் இவர்களுடைய ஒரே கருவி கை. ஆணும் பெண்ணுமாகக் கூட்டமாய்க் கழியில் இறங்கி, உடம்பைத் தண்ணீரில் அமிழ்த்தி, சேற்றை இரு கையாலும் தடவித் தடவி இறாலைப் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஒரு பனையோலைப் பறி. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் அந்தப் பறியைப் பல்லில் கவ்விக்கொள்ள வேண்டும். இறாலின் கொம்பும் கெளிற்று முள்ளும் விரலைக் கிழிக்கும். மணிக்கணக்காகத் தண்ணீரில் ஊறினால் உடம்பு வெளுத்துவிடும். நம் வீட்டுச் சமையலறைக்கு வரும் இறாலுக்கு இப்படி ஒரு கதை இருக்கிறது.

வழிவழியாக மீன் பிடிக்கும் சமூகத்தார் இவர்களை மீனவர்களாக ஏற்றுக்கொள்ளவில்லை. பழங்குடியினருக்குரிய சான்றிதழும் இவர்கள் கையில் இருக்கவில்லை. சான்றிதழ் இல்லையேல் சலுகை இல்லை. பிள்ளைகளின் படிப்புக்கு உதவியும் இல்லை. சேற்றில் மூழ்கி ஜீவிக்கிற குடும்பத்துக்கு, ஒரு காகிதம் இல்லாத குறையால் கரையேற வழியில்லாமல் போயிற்று.

காட்டைச் சீர்திருத்த வந்தவர்கள் இந்த ஜனங்களோடு பேச உட்கார்ந்தபோது, இவர்கள் முதலில் கேட்டது மரக்கன்று அல்ல; சான்றிதழும், பள்ளிக்கூடமும், வலையும், படகுமே. 'நாங்கள் வந்தது காட்டுக்காக. இதெல்லாம் எங்கள் இலாகா அல்ல' என்று சொல்லிப் போயிருக்கலாம். அப்படிச் செய்யாமல், அந்த முயற்சிகளிலும் துணை நின்றார்கள். சான்றிதழ் கிடைத்தது, எழுத்து வந்தது, கைத்தடவலோடு நின்ற தொழிலில் வலையும் படகும் சேர்ந்தன. அதற்குப் பிறகுதான் வாய்க்கால் அவர்களுடைய வாய்க்காலாகவும், காடு அவர்களுடைய காடாகவும் ஆயின.

இதில் உபகாரம் மட்டும் இல்லை, கணக்கும் இருக்கிறது. மீன்முள் வாய்க்காலை ஒரு முறை வெட்டிவிட்டால் போதாது. ஓதம் கொண்டுவரும் வண்டல் அதைத் தூர்த்துக்கொண்டே இருக்கும். அவ்வப்போது தூர் வாராவிட்டால், சில வருஷங்களில் தாம்பாளம் பழையபடி தாம்பாளமே. சென்னையிலிருந்து யாரும் வருஷந்தோறும் மண்வெட்டியோடு வந்து நிற்கப் போவதில்லை. பக்கத்தில் இருக்கிற குடும்பத்துக்குக் காட்டினால் பிழைப்பு இருக்க வேண்டும். காட்டின்மேல் பேச்சுரிமையும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த மண்வெட்டி எழாது.

2004 டிசம்பர் 26

இந்த வேலைக்கு இயற்கையே பயங்கரமான ஒரு பரீட்சை வைத்தது. 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில், சுமத்திரா தீவின் அருகே கடலடியில் உண்டான பூகம்பத்தால் எழுந்த ஆழிப்பேரலை தமிழ்நாட்டுக் கரையைத் தாக்கியது. நம் மாநிலத்தில் மட்டும் சுமார் 8,000 பேர் மாண்டார்கள். பிச்சாவரத்துக்கு முன்னால் திறந்த மணல்மேட்டில் இருந்த சின்னவாய்க்கால், பில்லுமேடு முதலிய குப்பங்களை அலை வாரிக்கொண்டு போயிற்று. காட்டுக்குப் பின்னால் இருந்த கிராமங்களோ தப்பின.

டேனியல்சன் என்ற டென்மார்க் தேசத்து ஆராய்ச்சியாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் இந்தப் பகுதியின் படங்களை ஆராய்ந்து, 2005-ஆம் வருஷத்தில் 'சயன்ஸ்' பத்திரிகையில் எழுதினார்கள். மரம் அடர்ந்த இடங்களுக்குப் பின்னால் சேதம் குறைவாக இருந்ததை அவர்கள் எடுத்துக் காட்டினார்கள். பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 18 குக்கிராமங்களைக் கணக்கெடுத்து அதே முடிவுக்கு வந்தார்கள். ஆனால் 2006-ஆம் வருஷத்தில் வேறு சில அறிஞர்கள் அதே புள்ளி விவரங்களை மறுபடி கணக்கிட்டு, தப்பிய ஊர்கள் கடலிலிருந்து தூரத்திலும் மேட்டிலும் இருந்ததே பெரும்பாலும் காரணம் என்று வாதித்தார்கள்.

இந்த வாதத்தை நாம் மறைக்க வேண்டியதில்லை. காடு இருந்தால் எந்த ஆழிப்பேரலையும் ஒன்றும் செய்யாது என்று நம்பிக் குழந்தை குட்டிகளோடு அலையின் வாயில் குடியிருப்பது ஆபத்து. ஆயினும் மரம் நிற்கிற இடத்தில் வீடு இராது என்பதையும் யோசிக்க வேண்டும். காடு அலையைத் தடுக்கிறது. அதோடு, நம்மைக் கடலுக்கு மிக அருகே போகவொட்டாமலும் தடுக்கிறது. ஆழிப்பேரலை நூற்றாண்டுக்கு ஒரு முறை வரலாம், வராமலும் இருக்கலாம். வருஷந்தவறாமல் ஐப்பசி கார்த்திகையில் வருகிற புயலும், கரையைத் தின்னும் அலையும் போதாவா?

அபிவிருத்தி என்றால் என்ன?

'கடற்கரைக்கு அபிவிருத்தியே வேண்டாம் என்கிறீரா?' என்று சிலர் கேட்கக்கூடும். வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் எவருடைய அபிவிருத்தி என்று கேட்டுக்கொள்ளுவது நல்லது.

1990-ஐ ஒட்டிய வருஷங்களில் நாகப்பட்டினம் முதலான கடலோரப் பகுதிகளில் இறால் பண்ணைகள் காளான்போல் முளைத்தன. நெல் விளைந்த நிலத்தில் குளம் வெட்டி, உப்புநீர் கட்டி, இறால் வளர்த்து அந்நிய நாடுகளுக்கு அனுப்பினார்கள். டாலர் வந்தது, கூடவே கிணற்றில் உப்பும் வந்தது. வயலில் நாற்று நட்டுப் பிழைத்த கூலிப் பெண்கள் வேலை இழந்தார்கள். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவரும் சர்வோதயத் தொண்டருமான எஸ். ஜகந்நாதன், தம் மனைவியார் கிருஷ்ணம்மாளோடு அந்த ஜனங்களின் நடுவே நின்று சத்தியாக்கிரகம் செய்தார். அவர் தொடுத்த வழக்கில் 1996-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டார், கடற்கரை ஒழுங்கு மண்டலத்துக்குள் இருந்த அத்தகைய பண்ணைகளை அகற்றும்படி தீர்ப்பளித்தார்கள். பிறகு 2005-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட சட்டம், பதிவு செய்துகொண்டு அத்தொழிலை நடத்த வழி விட்டது. ஆக, வழக்கு முடிந்தது, கேள்வி முடியவில்லை.

பண்ணை இறாலையும் பறி இறாலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னதில் லாபம் ஒருவருக்கு, உப்பு ஊருக்கு. பின்னதில் லாபம் சொற்பம்தான். ஆனால் அது பலருக்குப் பங்காகிறது, காடு நிற்கும்வரை நாளைக்கும் கிடைக்கிறது. சொற்பத்தை அதிகமாக்கும் வழியைத் தேடுவதுதான் படித்தவர்கள் செய்ய வேண்டிய வேலை.

இனி

பிச்சாவரத்துக்கு 2022-ஆம் வருஷத்தில் ராம்சார் ஈரநிலம் என்ற சர்வதேச அந்தஸ்து கிடைத்தது. சந்தோஷம். ஆனால் அந்தஸ்து வண்டலைத் தடுக்காது. வாய்க்காலையும் தூர் வாராது. மேற்கே அணைகளும் பாசனமும் பெருகிய பின், கொள்ளிடத்தின் வழியே இக்காட்டுக்கு வந்த நன்னீர் குறைந்துவிட்டது. உப்பைத் தாங்கும் வெண்கண்டல் பெருக, நன்னீரை விரும்பும் மரங்கள் அருகி வருகின்றன. கடல்மட்டமோ உயர்ந்துகொண்டே இருக்கிறது. காடு பின்வாங்கி நிற்க இடம் வேண்டும். பின்னால் இருப்பதோ வயலும் வீடும். இனி வரும் வருஷங்களில் தீர்க்க வேண்டிய சிக்கல் இதுவே. காட்டையும் ஊரையும் எதிரெதிரே நிறுத்தி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இரண்டும் தோற்கும்.

அடுத்த தடவை சிதம்பரம் போகும்போது, நடராஜப் பெருமானைத் தரிசித்த பின் அரை நாளைப் பிச்சாவரத்துக்கு ஒதுக்கி வையுங்கள். படகுக்காரரிடம், 'சினிமா எடுத்த இடம் இருக்கட்டும், ஐயா! மீன்முள் வாய்க்காலைக் கொஞ்சம் காட்டுங்கள்' என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர் முகம் மலரும். வாய்க்காலைக் கண்டதும் குழந்தைகளிடம், இதை வெட்டியவர் யார், தூர் வாருகிறவர் யார் என்பதைச் சொல்லுங்கள். கரையில் இறங்கும்போது கூடையோடு உட்கார்ந்து இறால் விற்கும் அம்மாளைக் கண்டால், விலையில் நாலணா குறைக்கச் சொல்லி வாதாடாமல் வாங்கி வாருங்கள்.